மூன்றுக்கு நேர் மேலே

பிளஸ் டூ வகுப்பில் கலப்பெண் பாடம் தொடங்கும் வாரத்தில் யாரையும் இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தைத் தொட விடமாட்டேன். 'மைனஸ் பி பிளஸ் ஆர் மைனஸ் ரூட் ஆஃப் பி ஸ்கொயர்...' என்று வகுப்பே ராகம் போட்டுச் சொல்லத் தயாராக இருக்கும். பத்தாம் வகுப்பில் உருப்போட்டது, டியூஷனில் மெருகேறியது. சூத்திரத்தின்மேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. ஆனால் அதைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் எண்களைப் போடுவார்கள், விடையை எடுப்பார்கள், நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் முழிப்பார்கள். கணக்கை வர்க்கமாக மாற்றி, இரண்டு பக்கமும் வர்க்கமூலம் எடுக்கும் பழைய வழியில் அப்படித் தப்பிக்க முடியாது. மெய்யெண்ணை விட்டுக் கலப்பெண்ணுக்குள் கால் வைக்கும் இடம் எது என்று அதில் பளிச்சென்று தெரியும். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணக்கு நடத்தியே தலை நரைத்தவன் நான். இந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைக்கவில்லை.

பலகையில் எக்ஸ் என்று எழுதுவதை இங்கே 'ய' என்று எழுதுகிறேன். பழைய சமஸ்கிருத பீஜகணித நூல்களில் தெரியாத எண்ணுக்கு 'யா' என்றுதான் குறியீடு, ஆகவே இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. மைனஸ் 1-இன் வர்க்கமூலம் 'ஐ'. அதாவது ஐ² = −1.

முதல் நாள் மூன்றே கணக்குகள் எழுதிப் போடுவேன்.

ய² = 49
ய² = 5
ய² = −49

முதல் கணக்குக்கு ஏழு என்று நாலு திசையிலிருந்தும் சத்தம் வரும். மைனஸ் ஏழு என்று ஒரு குரல் தாமதமாக வரும், பெரும்பாலும் முன்வரிசைப் பெண்பிள்ளை ஒருத்தியின் குரல். அந்த மைனஸ் ஏழை மறக்கிறவர்கள் பின்னால் கலப்பெண்ணிலும் ஒரு மூலத்தைத் தொலைத்துவிட்டு நிற்பார்கள். அதனால் ± என்ற குறியை முதல் நாளே பெரிதாக எழுதி, அதன்மேல் இன்னொரு முறை சாக்பீஸை ஓட்டுவேன். இரண்டாவது கணக்கில் ±√5. அது முழு எண்ணாக வரவில்லையே என்று யாரும் கவலைப்படுவதில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே விகிதமுறா எண்களோடு பழகிவிட்டார்கள்.

மூன்றாவதில் வகுப்பு நின்றுவிடும்.

"தீர்வு இல்ல சார்."

"எங்க இல்ல?"

இந்தக் கேள்விக்குப் பதில் வர நேரமாகும். பத்தாம் வகுப்பில் வரைபடக் கணக்குப் போட்டபோது அவர்கள் எழுதியது 'மெய்யெண் மூலங்கள் இல்லை' என்று. எட்டு மதிப்பெண் வாங்கித் தரும் வாக்கியம். இரண்டு வருஷத்தில் அதிலிருந்து 'மெய்யெண்' உதிர்ந்துபோய் 'மூலங்கள் இல்லை' மட்டும் மனத்தில் தங்கியிருக்கும். உதிர்ந்ததை எடுத்துச் செருகிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. மெய்யெண் கோட்டில் இல்லை, அவ்வளவுதான். ±7ஐ என்று எழுதி, 7ஐ-யை வர்க்கப்படுத்திக் காட்டச் சொல்வேன். ஏழேழு நாற்பத்தொன்பது, ஐ-இன் வர்க்கம் மைனஸ் ஒன்று, ஆக மைனஸ் நாற்பத்தொன்பது. மைனஸ் 7ஐ-க்கும் அதேதான் வரும். இதைப் பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்க வேண்டும். நான் பலகையில் செய்து காட்டினால் நம்பிக்கை வராது.

எழுத்து விஷயத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. √5 ஐ என்று எழுதக் கூடாது, ஐ√5 என்றுதான் எழுத வேண்டும். அவசரத்தில் வர்க்கமூலக் குறியின் மேல்கோடு நீண்டு ஐ-யையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், அடுத்த வரியில் விடை வேறு எங்கோ போய் நிற்கும். √−5 என்று பார்த்ததும் 5ஐ என்று எழுதுகிறவர்களும் உண்டு. இவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஐ-யைக் கண்ட மகிழ்ச்சியில் ரூட்டை மறந்துவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. √−4 × √−9 எவ்வளவு? வர்க்கமூலங்களைப் பெருக்கினால் உள்ளே இருப்பதைப் பெருக்கலாம் என்று கீழ் வகுப்பில் படித்த விதியைப் போட்டால் √36, அதாவது 6. முதலில் ஐ-க்கு மாற்றிவிட்டுப் பெருக்கினால் 2ஐ × 3ஐ = 6ஐ² = −6. இரண்டும் சரியாக இருக்க முடியாது. மைனஸ் ஆறுதான் சரி. கீழ் வகுப்பு விதி, உள்ளே இருக்கும் எண்கள் இரண்டும் மைனஸாக இருக்கும்போது செல்லாது. பெருக்குவதற்கு முன் மைனஸை வெளியே எடு, ஐ ஆக்கு, அப்புறம் வேறு வேலை பார் என்பேன். ஆய்லர் 1770-இல் வெளியிட்ட அல்ஜீப்ரா நூலிலேயே √−1 × √−4 = 2 என்று இருக்கிறது. அவர் தவறிவிட்டாரா, வர்க்கமூலத்துக்கு இரண்டு மதிப்பு உண்டு என்ற பொருளில் எழுதினாரா என்று இன்றும் வாதம் நடக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரு குஷி. மறுநாள் ஒருவனாவது "ஆய்லரே போட்டிருக்காரு சார்" என்று ஆறை நியாயப்படுத்தாமல் இருக்கமாட்டான்.

அடுத்த நாள் வலது பக்கத்தை விட்டுவிட்டு இடது பக்கத்துக்கு வருவோம்.

(ய − 3)² = −4

இங்கே விரித்து எழுதத் துடிப்பவர்களின் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். அடைப்புக்குறிக்குள் இருப்பது ஒரே ஆள். அதன் வர்க்கம் மைனஸ் நாலு என்றால் அது ±2ஐ. ஆக ய − 3 = ±2ஐ, ய = 3 ± 2ஐ. இரண்டே வரிதான். இதே கணக்கை விரித்துப்போட்டால் ய² − 6ய + 13 = 0 என்று ஆகும், பாடப்புத்தகத்தில் அந்த வேஷத்தில்தான் வரும். அதை மறுபடி வர்க்கமாக்கத் தெரிய வேண்டும். 13-ஐ அந்தப் பக்கம் தள்ளு, ய² − 6ய = −13. ஆறில் பாதி மூன்று, அதன் வர்க்கம் ஒன்பது, இரண்டு பக்கமும் ஒன்பதைக் கூட்டு. இடது பக்கம் (ய − 3)² ஆகிவிடும், வலது பக்கம் −13 + 9 = −4. வர்க்கப்பூர்த்தி முறை என்று பத்தாம் வகுப்பில் படித்ததுதான். அங்கே வேண்டா வெறுப்பாகப் போட்டது இங்கே வேலைக்கு ஆகிறது.

விடை வந்ததும் பேனாவை மூடக் கூடாது. 3 + 2ஐ-யைச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். (3 + 2ஐ)² என்றால் 9 + 12ஐ − 4, அதாவது 5 + 12ஐ. மைனஸ் ஆறு மடங்கு என்றால் −18 − 12ஐ. 13-ஐச் சேர்த்தால் 5 − 18 + 13 பூஜ்யம், 12ஐ − 12ஐ பூஜ்யம். ஐ உள்ள பாகமும் இல்லாத பாகமும் தனித்தனியாக அடிபட்டுப் போவதை ஒருமுறை தன் நோட்டில் பார்த்த பிள்ளை, அதற்குப் பிறகு 'இதெல்லாம் சும்மா சார்' என்று சொல்லுவதில்லை. சரிபார்க்க ஆகும் நேரம் ஒரு நிமிஷம். பரீட்சைக்கு அது வேண்டாம் என்று டியூஷனில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இந்த இடத்தில்தான், வகுப்பு நல்ல வகுப்பாக இருந்தால், யாராவது கேட்பார்கள்: "அந்த மூலம் எங்கதான் சார் இருக்கு?" வரைபடம் எக்ஸ் அச்சைத் தொடவே இல்லை, பிறகு எந்த இடத்தைக் காட்டி இதுதான் மூலம் என்பது? பாடத்திலேயே சிறந்த கேள்வி இதுதான். இதற்கு ஒரு முழு பீரியடைக் கொடுத்துவிடுவேன்.

ஆளுக்கு ஒரு கிராஃப் தாளும் காம்பஸும் வேண்டும். ய² − 6ய + 13-க்கு அட்டவணை போட்டால், ய-க்கு 0 முதல் 6 வரை மதிப்புகள் 13, 8, 5, 4, 5, 8, 13. பரவளையம் மூன்றுக்கு மேலே நாலு உயரத்தில் அடித்தட்டி, மறுபடி ஏறிவிடும். அச்சுக்கும் அதற்கும் நாலு கட்டம் இடைவெளி. இப்போது நாலாவது உயரத்தில் ஒரு படுக்கைக் கோடு போட்டு, பரவளையத்தை அந்தக் கோட்டில் கவிழ்க்கச் சொல்வேன். மேலே போன கைகள் கீழே இறங்கும்: 3-இல் 4, 2-இலும் 4-இலும் 3, 1-இலும் 5-இலும் பூஜ்யம். கவிழ்ந்த பரவளையம் அச்சை 1-இலும் 5-இலும் வெட்டுகிறது. மூன்றுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கட்டம் தள்ளி.

அடுத்து இன்னொரு தாள். கட்டாயம் வேறு தாளாக இருக்க வேண்டும், ஏனென்றால் முதல் தாளில் நிமிர்ந்த அச்சு காட்டியது சமன்பாட்டின் மதிப்பை, இந்தத் தாளில் அது காட்டப்போவது ஐ-இன் மடங்கை. ஒரே தாளில் போட்டுவிட்டால் உச்சிப்புள்ளி நாலு உயரத்தில் இருக்கிறதே, மூலம் மட்டும் ஏன் இரண்டு உயரத்தில் என்று குழம்பிவிடுவார்கள். புதுத் தாளில் 1-ஐயும் 5-ஐயும் குறித்து, காம்பஸ் முள்ளை 3-இல் குத்தி, இரண்டு அளவில் வட்டம் போடு. 1 முதல் 5 வரை போகும் விட்டத்தை அப்படியே தொண்ணூறு பாகை திருப்பு. அதன் முனைகள் மூன்றுக்கு நேர் மேலே இரண்டிலும், நேர் கீழே இரண்டிலும் போய் நிற்கும். 3 + 2ஐ, 3 − 2ஐ. ஐ-ஆல் பெருக்குவது என்றால் கால் சுற்றுத் திருப்புவது என்பதை அப்போதுதான் சொல்வேன், அதற்கு முன்னால் சொன்னால் அது வெறும் வாக்கியம். எண்களை இப்படித் தளத்தில் வைத்துப் பார்க்கும் யோசனையை வெஸல் என்ற நார்வே நாட்டு நில அளவையாளர் 1797-இல் கொடுத்தார், அதை யாரும் கவனிக்கவில்லை. 1806-இல் ஆர்கன் எழுதினார், நம் புத்தகத்தில் அவர் பெயரில்தான் தளம்.

இதே தாளில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வேலை. கடைசி எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டே போவது. ய² − 6ய + 5 என்றால் (ய − 3)² = 4, மூலங்கள் 1, 5. ய² − 6ய + 8 என்றால் (ய − 3)² = 1, மூலங்கள் 2, 4. கடைசி எண் 9 ஆனால் வலது பக்கம் பூஜ்யம், இரண்டு மூலமும் 3-இல் வந்து ஒன்றாகிவிடும். 10 ஆனால்? வலது பக்கம் −1, மூலங்கள் 3 ± ஐ. 13-இல் 3 ± 2ஐ. எல்லாவற்றையும் வரிசையாகப் புள்ளி வைத்துப் பார்த்தால், இரண்டு மூலங்களும் அச்சின் மேலேயே ஒன்றை நோக்கி ஒன்று நடந்து வருகின்றன, மூன்றில் சந்திக்கின்றன, சந்தித்த மாத்திரத்தில் ஒன்று செங்குத்தாக மேலேயும் மற்றது கீழேயும் கிளம்பிவிடுகின்றன. எதுவும் காணாமல் போகவில்லை. மூலங்கள் 'இல்லாமல் போவதாக' பத்தாம் வகுப்பில் நினைத்தது, அவை திரும்பிய திசையில் நாம் பார்க்காததால்தான். நடுவிலிருக்கும் மூன்று கடைசிவரை அசையவே இல்லை என்பதை யாராவது தானாகக் கவனித்துச் சொன்னால் அன்று வீட்டுப்பாடம் கிடையாது.

கணக்கின் உயிர் இந்த நடுவும் விலகலும்தான். எந்த இருபடிச் சமன்பாட்டையும் 'நடு ± விலகல்' என்று பிரித்துவிடலாம். விலகலின் வர்க்கம் பிளஸ் என்றால் மூலங்கள் பக்கவாட்டில் விலகி நிற்கும், மைனஸ் என்றால் மேலும் கீழுமாக விலகி நிற்கும். சூத்திரத்திலும் இதே இரண்டு பாகமும் இருக்கின்றன. ஆனால் ஒரே பின்னத்தின் தலையில் இரண்டையும் ஏற்றி வைத்திருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மைனஸ் எண்ணுக்கு வர்க்கமூலம் கிடையாது என்று சொன்ன பெரியவர்கள் நம் பக்கத்திலேயே உண்டு. 9-ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட அரசர் அமோகவர்ஷர் காலத்தில், மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் கணிதசாரசங்கிரகம் எழுதினார். மைனஸ் எண் தன் இயல்பிலேயே எதன் வர்க்கமும் ஆகாது, ஆகவே அதற்கு வர்க்கமூலம் இல்லை என்று அதில் தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த நூலைப் பதிப்பித்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியார். 1912-இல் சென்னை அரசு அச்சகத்தில் அச்சானது. மகாவீரரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கேள்வியைக் கேட்டு, தன்னிடம் இருந்த எண்களை வைத்து ஒழுங்கான பதிலைச் சொன்னார். நம் பத்தாம் வகுப்பும் இன்றுவரை அந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கோட்டைத் தாண்டியவர் மிலான் நகரத்து மருத்துவர் கார்டானோ. 1545-இல் வந்த அவருடைய ஆர்ஸ் மாக்னாவில் ஒரு கணக்கு: பத்தை இரண்டு பாகமாகப் பிரி, பாகங்களைப் பெருக்கினால் நாற்பது வர வேண்டும். இதை வகுப்பில் அப்படியே கொடுப்பேன், சமன்பாடு எதுவும் எழுதாமல். ஐந்தும் ஐந்தும் போட்டாலே இருபத்தைந்துதான் வருகிறது, அதற்கு மேல் ஏறவே ஏறாது என்று சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். சரி, ஐந்திலிருந்து கொஞ்சம் விலகு: ஒன்று 5 + வி, மற்றது 5 − வி. பெருக்கினால் 25 − வி² = 40. வி² = −15. பாகங்கள் 5 + ஐ√15, 5 − ஐ√15. பெருக்கிப் பார்த்தால் 25 + 15, நாற்பது. கூட்டினால் பத்து. கார்டானோ இதைச் செய்துவிட்டு, நுட்பமான விஷயம்தான், ஆனால் அதே அளவுக்குப் பிரயோஜனமற்றது என்கிற தோரணையில் நகர்ந்துவிட்டார்.

2019-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் போ-ஷென் லோ, இருபடிச் சமன்பாட்டை இப்படிச் சராசரியும் விலகலுமாகப் பிரித்துப் போடும் வழியை எழுதி வெளியிட்டபோது, 'கணிதத்தில் புதுப் புரட்சி' என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. எனக்கே பல பெற்றோர் அனுப்பினார்கள். இதன் பாகங்கள் பழையவை என்று லோவே எழுதியிருக்கிறார். அதை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

பிரயோஜனம் இல்லை என்ற கார்டானோவின் பேச்சுக்குப் பதில் சொன்னவர் பொம்பெல்லி, சதுப்பு நிலத்தில் தண்ணீர் வடிக்கிற பொறியாளர். 1572-இல் வந்த அவருடைய அல்ஜீப்ராவில் ய³ = 15ய + 4 என்ற முப்படிச் சமன்பாடு. அதற்கு 4 விடை என்று கண்ணால் பார்த்தே சொல்லலாம். ஆனால் முறைப்படி போனால் வழியில் √−121 குறுக்கே நிற்கிறது. பொம்பெல்லி பயப்படாமல் 2 + 11ஐ என்பது (2 + ஐ)-இன் கனம் என்று கண்டு, 2 + ஐ, 2 − ஐ இரண்டையும் கூட்டி நாலை எடுத்தார். பிளஸ் டூவுக்கு இந்தக் கதை போதும். விரிவாகச் சொல்ல எனக்கு ஆசை உண்டு, பாடவேளைக்கு இல்லை.

எல்லாக் கணக்கும் ஆறும் பதின்மூன்றுமாகச் சமர்த்தாக வராது என்பது உண்மை. 3ய² + 7ய + 11 = 0 என்று வந்தால் மூன்றால் வகுத்து, மூன்றில் ஏழுக்குப் பாதி எடுத்து, அதை வர்க்கப்படுத்தி என்று பின்னங்களில் மாட்டிக்கொள்வார்கள். அங்கே பழைய கணித அறிஞர் ஸ்ரீதரரின் கைமுறையைக் காட்டுவேன். அவருடைய பீஜகணித நூல் கிடைக்கவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் மேற்கோள் காட்டியதால் விதி பிழைத்தது. வர்க்க உறுப்பின் கெழுவை நாலால் பெருக்கி, அந்த எண்ணால் சமன்பாடு முழுவதையும் பெருக்கு. இங்கே 12. 36ய² + 84ய + 132 = 0. நடுவிலுள்ள பழைய கெழுவின் வர்க்கம் 49, அதை இரண்டு பக்கமும் கூட்டி 132-ஐத் தள்ளினால் (6ய + 7)² = 49 − 132 = −83. ஆக 6ய + 7 = ±ஐ√83. கடைசி வரிக்கு முன் ஒரு பின்னம்கூடத் தலைகாட்டவில்லை. 2ய² − 2ய + 5 = 0-ஐ இதே வழியில் போட்டால் (4ய − 2)² = −36, ய = (1 ± 3ஐ)/2. எண்களுக்குப் பதில் எழுத்துகளைப் போட்டு இதே நாலு வரியை எழுதினால் கடைசியில் வந்து நிற்பது வகுப்பு ராகம் போடுகிற அந்தச் சூத்திரம்தான். அதற்கு அப்புறம் தாராளமாகச் சூத்திரம் போடட்டும், நான் தடுப்பதில்லை.

இந்த வழியில் போட்டால் மதிப்பெண் கிடைக்குமா என்ற கேள்வி எப்போதும் உண்டு. ஒரு திருப்புதல் தேர்வில் விடைத்தாள்களை வேறு பள்ளியில் திருத்தினார்கள். என் மாணவி ஒருத்தி வர்க்கமூல வழியில் சரியாகப் போட்டு, சரிபார்த்தும் எழுதியிருந்தாள். ஐந்துக்கு இரண்டு வந்தது. திருத்தியவரிடம் விசாரித்தால், "சூத்திரத்துக்கு ஒரு மார்க், பிரதியிட்டதுக்கு ஒரு மார்க்னு கீ-ல இருக்கு, அது ரெண்டும் இதுல இல்லையே சார்" என்று பதில். சரியான மாற்றுவழிக்கு மதிப்பெண் உண்டு என்பது அவருக்கும் தெரியும். கட்டுக்கட்டாகத் திருத்தும் அவசரத்தில் கண் கீ-யைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. அந்தப் பெண் சூத்திரத்தையும் ஓரமாக ஒருமுறை எழுதிவிடுகிற பழக்கத்துக்குப் போனாள். புத்திசாலி.

"இதெல்லாம் எங்க சார் வரப்போவுது" என்ற கேள்விக்கு நானாகப் பதில் தேடிக்கொண்டிருந்ததைவிட, பழைய மாணவன் ஒருவன் கொண்டுவந்த பதில் நன்றாக இருந்தது. மெக்கானிக்கல் படிக்கிறவன், பொங்கல் விடுமுறையில் வீட்டுக்கு வந்தான். வண்டியின் ஷாக் அப்சார்பரை வைத்து ஒரு கணக்கு, வகைக்கெழுச் சமன்பாடு. அதன் துணைச் சமன்பாடு ய² + 2ய + 5 = 0. சூத்திரத்தில் போட்டு −1 ± 2ஐ என்று எடுத்துவிட்டான்.

"விடை வந்துடுச்சு சார். இதுல வண்டி எங்க இருக்குன்னுதான் தெரியல."

"வர்க்கமாக்கி எழுதுடா."

(ய + 1)² = −4 என்று எழுதினான். நடு −1, விலகல் 2, விலகல் நிமிர்ந்த திசையில். நடுவில் இருக்கும் மைனஸ் ஒன்றுதான் ஆட்டம் அடங்கும் வேகம்: ஒவ்வொரு விநாடிக்கும் ஆட்டத்தின் வீச்சு முன்னிருந்ததில் ஏறக்குறைய 37 சதவீதமாகக் குறையும். ஐ-யோடு இருக்கும் இரண்டுதான் ஆடும் வேகம்: ஒரு முழு ஆட்டத்துக்குச் சுமார் 3.14 விநாடி. ஐ இருந்தால் வண்டி பள்ளத்தில் விழுந்தபின் மேலும் கீழும் ஆடும். கடைசி எண் 5-க்குப் பதில் 1 ஆக இருந்தால் (ய + 1)² = 0, மூலங்கள் சந்தித்துவிடும், வண்டி ஆடாமல் நிலைக்குத் திரும்பும். கிராஃப் தாளில் மூலங்கள் சந்தித்த அதே இடம், அவன் புத்தகத்தில் அதற்கு 'கிரிட்டிக்கல் டாம்பிங்' என்று பெயர். எலெக்ட்ரிக்கல் பிள்ளைகளுக்கும் இதே கணக்கு மின்சுற்றில் வரும். அவர்கள் ஐ-யை மின்னோட்டத்துக்குக் கொடுத்துவிட்டதால் இதற்கு ஜே என்று எழுதுவார்கள்.

அவன் கையில் கேசியோ 991 வைத்திருந்தான். நேராக √−4 என்று தட்டினால் 'மேத் எரர்' என்று காட்டியது. சமன்பாட்டுக்கான பகுதிக்குப் போய்க் கெழுக்களைக் கொடுத்தால் −1 + 2ஐ என்று சமர்த்தாகக் காட்டியது. ஒரே பெட்டிக்குள் மகாவீரரும் பொம்பெல்லியும் குடியிருக்கிறார்கள்.

பாடத்தின் கடைசியில், கலப்பெண்ணுக்கே வர்க்கமூலம் காணும் கணக்குகள் முடிந்தபின், கெழுக்களிலேயே ஐ கலந்த ஒரு சமன்பாட்டைக் கொடுப்பேன். பரீட்சைக்காக அல்ல.

ய² − (4 + 2ஐ)ய + (8 + 16ஐ) = 0

முறை மாறவில்லை. நடுக் கெழுவில் பாதி 2 + ஐ, அதன் வர்க்கம் 3 + 4ஐ. அதிலிருந்து 8 + 16ஐ-யைக் கழித்தால் −5 − 12ஐ. ஆக (ய − 2 − ஐ)² = −5 − 12ஐ. வலது பக்கத்துக்கு வர்க்கமூலம் ±(2 − 3ஐ). கூட்டிக் கழித்தால் மூலங்கள் 4 − 2ஐ, 4ஐ.

சென்ற வருஷம் இதைப் போட்டதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "சார், ஜோடி மாறிப்போச்சு" என்றான். 3 + 2ஐ வந்தால் 3 − 2ஐ வர வேண்டும், இணைக் கலப்பெண்கள் சேர்ந்தேதான் வரும் என்று பழகியவன். கெழுக்கள் எல்லாம் மெய்யெண்களாக இருந்தால்தான் அந்தக் கட்டாயம், இங்கே இல்லை என்றேன். அவன் திருப்தியாகவில்லை. கிராஃப் தாளை எடுத்து இரண்டு புள்ளியையும் குறித்து, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தான். மேலும் கீழுமாகவும் இல்லை, பக்கவாட்டிலும் இல்லை, சாய்வாக வந்தது. பக்கத்திலிருந்தவன் அளந்து நடுவைக் கண்டுபிடித்தான்: இரண்டு, ஒன்று.

"2 + ஐ-லதான்டா இருக்கு" என்றான். "நடு மாறல."

மணி அடித்துவிட்டது. அடுத்த பீரியட் இயற்பியல், வாத்தியார் வாசலில் வந்து நின்றார். அவர்கள் இன்னும் காம்பஸ் தேடிக்கொண்டிருந்தார்கள்.